எக்ஸ் என்றால் எவ்வளவு?



வாசிகசாலையில் சனிக்கிழமை தோறும் நாம் நடத்தும் அட்சரகணித வகுப்பைப்பற்றிப் பேசும்படி பணித்தீர்கள். முதலில் எமது பிழையைச் சொல்லிவிடுகிறோம். சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றும் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பழைய வினாத்தாள்களைச் செய்வித்தோம். தெரிந்தவர் செய்தனர், தெரியாதவர் கரும்பலகையைப் பார்த்து எழுதினர். மூன்றாம் கிழமை, எவருக்காக வகுப்பைத் தொடங்கினோமோ அவர்களே வரவில்லை.

பின்னர் வீடு தேடிச் சென்று அவர்களுடைய கொப்பிகளை வாங்கிப் பார்த்தோம். சிவப்பு மையாற் கீறப்பட்ட விடைகளிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. ஒரு பிள்ளை, மூன்று எக்ஸ் சக இரண்டு என்பதை எல்லாவிடத்தும் ஐந்து எக்ஸ் என்றே எழுதியிருந்தது. கவனயீனமன்று, சகக் குறியைக் கண்டால் கூட்டி முடித்துவிட வேண்டும் என்று கீழ்வகுப்பிற் கற்றதை விசுவாசமாகச் செய்திருக்கிறது. மிசன் பள்ளிக்கூடத்தில் நாமும் விதிகளைப் பிரம்புக்குப் பயந்து பாடமாக்கியவர்களே. ஏன் என்று கேட்டதில்லை.

அடைப்புக்கு முன்னே சயக் குறி வந்தால் பலர் தடுமாறினர். ஆகவே சூத்திரத்தை விட்டுச் சுன்னாகச் சந்தைக்குப் போனோம், மனத்தினால். கையில் 1000 ரூபா. வாழைக்குலையின் விலை எக்ஸ் ரூபா. வியாபாரி அதில் 100 ரூபா குறைத்துத் தருகிறார். மிச்சம் என்ன? 1000 சய, அடைப்புக்குள் எக்ஸ் சய 100. "900 சய எக்ஸ்" என்றான் ஒருவன். "அப்ப விலை குறைச்சதாலை உனக்கு நட்டமோ?" என்று கேட்டாள் ஒரு பிள்ளை. வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டே 1100 சய எக்ஸ் என்று திருத்தினான்.

இது பாமரர் கணக்கென்று எவரும் எள்ள வேண்டாம். 628 ஆம் ஆண்டிலே பிரமகுப்தர் மறை எண்களுக்கு விதி கூறியதும் செல்வம், கடன் என்ற சொற்களைக் கொண்டுதான். வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்ற கரோல் விசுவநாதபிள்ளை 1855 இல் வீசகணிதத்தைத் தமிழிலேயே நூலாக்கித் தந்தார். அத்தகைய மண்ணிலே, கணிதத்திற் சித்தியில்லாத பெறுபேற்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை தகப்பன் முகத்தைப் பார்க்க முடியாமல் நிற்பது எமக்குப் பொறுக்கவில்லை.

பல்கலைக்கழகம் திறந்ததும் எங்களில் இருவர் போய்விடுவோம். பதிலுக்கு ஆள் வேண்டும். கணிதத்திற் புலிகளாக இருக்கவேண்டியதில்லை. அடைப்பிலே ஒருகாலம் தாமும் இடறி விழுந்தவர்கள் வந்தால் இன்னும் நல்லது. அடுத்த சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு வாருங்கள்.