நீரிழிவும் குடல்வால் அழற்சியும்

(ஸ்ரீபெரும்புதூரில் நடைபெற்ற நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யாம் மருத்துவர் அல்லேம். பள்ளியிற் பிள்ளைகட்குத் தமிழ் பயிற்றுவிப்பதே எமது தொழில். அங்ஙனமிருக்க, நோயைக் குறித்து இவ்வவையிற் பேசப் புகுந்தது ஏனென்று தங்களிற் சிலர் வினவலாம். திருக்குறளில் மருந்து என்னும் 95-ஆம் அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவத்திற்கு நான்கு உறுப்புக்கள் உள எனக் கூறும். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுவார் என்பன அவை. நான்காம் இடத்தில் நிற்பவர் குடும்பத்தாராகிய நாமே. அவ்விடத்தில் நின்று யாம் செய்த பிழையொன்றைத் தங்கள்முன் வைக்கவே வந்தோம்.

எம் தமையனார் ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்ப்பவர். பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு உடையவர். சென்ற ஐப்பசியில் ஒரு நாட்காலை, இரவு ஷிப்டு முடிந்து வந்தவர், வயிறு உப்பிசமாக இருக்கிறதென்றார், உணவை வெறுத்தார், இருமுறை வாந்தியெடுத்தார். வலி உண்டோவென்று கேட்டோம். "வலியென்று பெரிதாக ஒன்றுமில்லை தம்பி, கனமாக இருக்கிறது, அவ்வளவே" என்றார். உடம்பிற் சூடும் இல்லை. வாயுவென்று துணிந்து ஓமத் திராவகம் கொடுத்தோம். மறுநாள் விளக்கெண்ணெயும் கொடுத்தோம். பின்னர் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றபோது, "வேறு நோய் ஏதேனும் உண்டோ?" என அவர் வினவினார். தமையனார் இல்லையென்றார், உடனிருந்த யாமும் வாய் திறந்தோமில்லை. காரணம் யாதெனின், அவர் மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்த காலம் அது. எம்மருகில் நம்மவர் இருவர் அமர்ந்திருந்தனர்.

மூன்றாம் நாள் அவர்க்கு மூச்சு வாங்கியது, பேச்சுத் தடுமாறியது. 108 வண்டியில் ஏற்றிப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். குடல்வால் வெடித்துச் சீழ் வயிறெங்கும் பரவியிருந்தது. இருபத்துமூன்று நாட் கிடந்து, உயிர் மீண்டார். இதோ, முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவர்தம் இசைவு பெற்றே இதனைக் கூறுகின்றோம்.

மருத்துவர்கள் பின்னர் எமக்கு விளக்கியதைக் கூறுவோம். பெருங்குடலின் தொடக்கத்தில் மூன்று நான்கு அங்குல நீளமுள்ள வால் போன்ற பகுதி ஒன்றுண்டு. அதன் வாய் அடைபடின், உள்ளே கிருமிகள் பெருகி வீங்கும். காலந்தாழ்ப்பின் வெடிக்கவும் கூடும். வழக்கமாக வலி கொப்பூழைச் சுற்றித் தொடங்கி, ஒரு நாளைக்குள் வலப்பக்கத்து அடிவயிற்றில் வந்து தங்கும். அவ்விடத்தை 1889-இல் நியூயார்க்கு நகரத்து மக்பர்னி என்னும் அறுவை மருத்துவர் குறித்துக் காட்டினார்.

ஆயின் நெடுங்காலம் நீரிழிவுற்றார் சிலர்க்கு, நரம்புகள் பழுதுற்றமையால் வலியுணர்ச்சி மழுங்கிவிடுகிறது. கடும் வலிக்கு மாறாக உப்பிசமும், வாந்தியும், இனந்தெரியாத சோர்வுமே தோன்றலாம், காய்ச்சலும் மிகாதிருக்கலாம். இரத்தத்திற் சர்க்கரை காரணமின்றி ஏறுவது ஒன்றே குறியாதலும் உண்டு. இதற்கு மறுதலையான மயக்கமும் உளது. சர்க்கரை கட்டுக்கடங்காது உயர்ந்து, கீட்டோன் என்னும் அமிலப் பொருள் இரத்தத்தில் மிகும்போது, குடல்வாலிற் குறையேதும் இன்றியே வயிற்றுவலியும் வாந்தியும் வரும். அன்றியும், குடல்வால் அழற்சியே அந்நிலையைத் தூண்டிவிடவும் வல்லது. இவற்றைப் பிரித்தறிய இரத்தச் சோதனையும் ஸ்கேனும் வேண்டும். திண்ணையிலிருந்து நாம் தீர்ப்புச் சொல்லுதல் இயலாது. நீரிழிவுடையார் எல்லார்க்கும் குறிகள் இங்ஙனம் மாறுபடும் என்பதன்று. பலர்க்கு வழக்கமான வலியே தோன்றும். ஆயினும், வலி இல்லை என்பதைக்கொண்டு நோய் இல்லை எனத் துணிதல் பெரும்பிழை.

மறைத்தல் எளியார்க்கு மட்டும் உரிய குற்றமன்று. 1902-இல் இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்டு இந்நோயுற்றும், சூன் 26-இல் நிகழவிருந்த முடிசூட்டு விழாவை ஒத்திவைக்க இசையாது பிடிவாதம் செய்தார். விழாவிற்கு இரண்டு நாள் முன்னர்ச் சீழ்க்கட்டியை அறுத்து வடித்தனர். ஆகஸ்டு 9-இல்தான் முடி சூடினார். விழா காத்திருந்தது, நோய் காத்திருந்ததில்லை.

ஆதலின் தங்கட்கு யாம் விண்ணப்பிப்பன சில. நீரிழிவுடையார்க்கு வாந்தியோ, உணவு வெறுப்போ, வயிற்றுக் கோளாறோ தோன்றி ஓரிரு வேளையில் தணியாதாயின், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க. பேதி மருந்தும் விளக்கெண்ணெயும் கொடுத்தலாகாது. உணவு இறங்கவில்லையென்று இன்சுலினைத் தாமே நிறுத்தலாகாது. மருத்துவரைக் கேட்டே நடக்க. மருத்துவர் கேளாவிடினும் "இவர்க்கு நீரிழிவு உண்டு" என்பதையே முதற்சொல்லாகச் சொல்க. உண்ணும் மாத்திரைகளையும் உடன் கொண்டு சென்று காட்டுக.

இறுதியாக ஒன்று. நம் நாட்டில் நீரிழிவுடையார் 10 கோடிக்கும் மேற்பட்டவர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அவ்வாறிருக்க, இந்நோய் நுழையாத இல்லம் நம்மவருள் எத்துணை? பெண் கேட்டு வருவோர், வீட்டில் நீரிழிவு உண்டோவென்று துருவுதலும், பெண் வீட்டார் அதனை மூடி மறைத்தலும் நம்மிடையே வழக்கமாகிவிட்டன. இவ்வழக்கமே அன்று எம் வாயைக் கட்டியது. அந்த வரனோ, பிழைத்து வந்த தமையனார் எல்லாவற்றையும் வெளிப்படையாகக் கூறிய பின்னரே முடிந்தது. மாப்பிள்ளையின் தந்தையாரும் நீரிழிவுடையவர் என்பதை யாம் அன்றே அறிந்தோம்! இரு வீட்டாரும் ஒருவர்க்கொருவர் அஞ்சி மறைத்த ஒன்றன்பொருட்டு ஓர் உயிர் போக இருந்தது. வரன் பேசுங்கால் இக்கேள்வியை விடுத்தொழிவதென இச்சங்கம் தீர்மானிக்குமாயின், அதுவே இன்றைய கூட்டத்தின் பயனாகும்.