சீனியும் கொழுப்பும்



எங்கள் கல்முனைக் கரையில் இருவர் சந்தித்தால், சலாமும் சுகவிசாரணையும் முடிந்த கையோடு "சீனி எவ்வளவு?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அதில் வியப்பில்லை. 2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையின் வளர்ந்தோருள் பத்தில் ஒருவருக்கே நீரிழிவு எனக் கணிக்கப்பட்டது. 2018, 2019இல் நடந்த ஆய்வோ 23 வீதம் என்றது.

என் நண்பர் ஒருவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். கிளினிக் கொப்பியிலே சீனியின் அளவு என்றும் ஒழுங்காகவே இருக்கும். கொழுப்புக்கெனத் தந்த மாத்திரையை மட்டும், "என் கொலஸ்ட்ரோல் சரியாகத்தானே உள்ளது" என்று தாமாகவே நிறுத்திவிட்டார். ஒருநாள் சுபஹுத் தொழுகை முடிந்து திரும்புகையில் மாரடைப்புக் கண்டது. அல்லாஹ்வின் கிருபையால் பிழைத்தார். மாத்திரை அதனைத் தடுத்திருக்கும் என்று அறுதியிட்டுக் கூற இயலாது. ஆனால், "இரண்டு கணக்கும் சரியாயிருக்கப் பிழை எங்கே?" என்ற அவரது வினாவுக்கு விடை உண்டு.

இன்சுலினுக்குச் சீனியைக் கவனிப்பது மட்டும் வேலையன்று. உடலிலே சேமித்த கொழுப்பு அளவின்றிக் கரைந்து வெளியேறாமற் காப்பதும் அதன் பணியே. அதன் அதிகாரம் தளரும்போது கொழுப்பமிலங்கள் ஈரலை நோக்கிப் பெருகுகின்றன. ஈரல் அவற்றை ட்ரைகிளிசரைட்டாக்கி இரத்தத்தில் அனுப்புகின்றது. அதனால் ட்ரைகிளிசரைட்டு உயர்கிறது. நாளங்களிலிருந்து கொலஸ்ட்ரோலை ஈரலுக்கு மீட்டுச் செல்லும் எச்.டி.எல். குறைகிறது. தீய கொழுப்பென்று நாம் சொல்லும் எல்.டி.எல். அளவிற் பெரிதும் மாறாதிருக்கலாம். ஆயினும் அதன் துகள்கள் சிறுத்து அடர்த்தியாகிவிடுகின்றன.

நெல் விளையும் நாட்டாருக்கு இதை விளக்குவது எளிது. ஒரே நிறையுள்ள நெல்லை மூடைகளில் ஏற்றாது சிறு பைகளிற் கட்டினால் நிறை மாறாது, பைகளின் தொகை பெருகும். பரிசோதனைத் தாளில் நாம் காண்பது நெல்லின் நிறை. நாளச் சுவருக்குள் நுழைவனவோ பைகள்!

2004இல் வெளியான ஓர் ஆய்வு இங்கு நினைக்கத்தக்கது. பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும், இருதய நோயோ மிகுந்த எல்.டி.எல்.லோ இல்லாத 2,838 நீரிழிவாளர் அதிற் பங்குகொண்டனர். ஒரு சாராருக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் அட்டோர்வஸ்ட்டட்டினும், மறுசாராருக்கு மருந்தற்ற மாத்திரையும் கொடுத்தார்கள். மருந்துண்டோரிடையே மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெருங்கேடுகள் 37 வீதம் குறைந்திருந்தன. ஆகவே, "கொழுப்புச் சரியாயிருக்க மாத்திரை எதற்கு?" என்பது நியாயமான கேள்வியானாலும், தானே நிறுத்துவதற்கு அது காரணமாகாது. தசைநோவு கண்டால் வைத்தியரிடம் சொல்லுங்கள். அளவை மாற்றவோ வேறொன்று தரவோ அவர் அறிவார். நோன்பு காலத்திலும் இதனை இரவில் விழுங்கலாம்.

உணவில் நம்மவர் செய்யும் வேடிக்கை ஒன்றுண்டு. முட்டையின் மஞ்சட் கருவை அஞ்சி ஒதுக்குவார்கள். சஹனிலே குவிந்த சோற்றுக்கும் சீனித் தேநீருக்கும் அஞ்சமாட்டார்கள். ட்ரைகிளிசரைட்டை உயர்த்துவதில் இவற்றுக்குப் பெரும் பங்குண்டு. சூடை, கீரி மீன்களின் எண்ணெயோ நன்மையானதே, பொரிக்காமல் ஆக்கினால்.

நண்பர் இப்பொழுது கொப்பியின் ஓரத்திலே சீனியோடு மூன்று கொழுப்புக் கணக்குகளையும் தம் கையாலேயே எழுதி வருகிறார். வெள்ளிக்கிழமை நெய்ச்சோற்றை மட்டும் இன்னும் விட்டபாடில்லை.