தொடக்கப் படி



கராத்தே பயில்வோர் கறுப்புப் பட்டை பெறும் முதல் நிலைக்கு ஜப்பானிய மொழியில் ‘ஷோடான்’ என்று பெயர். முதற்படி என்பது அதன் பொருள். அச்சொல்லின் முன்னெழுத்தே ‘ஷோஷின்’, அதாவது தொடக்கநிலையாளனின் மனம், என்னும் சொல்லுக்கும் முன்னெழுத்து. ஊரார் எதனை முடிவென்று மாலையிட்டுக் கொண்டாடுகின்றனரோ, அதற்குத் தொடக்கம் என்றே பெயர் அமைந்திருக்கிறது. கற்றவர் கற்பிப்பவராக மாறும் அந்த இடத்தில் நேர்வது என்ன என்பதே இவ்வுரையின் பொருள்.

கிச்சின் ஃபுனகோஷி 1868இல் ஒகினாவாத் தீவின் ஷுரியில் பிறந்தவர். தொழிலால் பள்ளியாசிரியர். கவிஞர் அவைக்கு அவர் அயலாரும் அல்லர். கவிதைகளில் ‘ஷோட்டோ’ என்று கையொப்பமிட்டார். காற்றில் பைன் மரங்கள் எழுப்பும் அலையோசையைக் குறிக்கும் பெயர் அது. மாணாக்கர் பின்னாளில் கட்டிய பயிற்சிக்கூடத்திற்கு அப்பெயரையே சூட்டினர். இன்று ‘ஷோட்டோகான்’ என்று நெஞ்சில் பொறித்துக்கொண்டிருப்போரில் எத்தனை பேர், அது ஒரு கவிஞனின் புனைபெயர் என்று அறிவர்!

இளமையில் நலிந்த உடம்பினரான அவர், இரவு வேளையில் விளக்கொளியில் அசாட்டோ என்னும் ஆசானின் வீட்டு முற்றத்தில் பயின்றார். ‘கட்டா’ எனப்படும் அசைவுத்தொடர் ஒன்றையே வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில், திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஆசான் அமர்ந்து பார்ப்பார். அவருக்கு நிறைவு தோன்றாதவரை அடுத்த கட்டாவுக்குச் செல்ல இயலாது. நைஹாஞ்சி என்னும் மூன்று கட்டாக்களுக்கே பத்தாண்டுகள் சென்றன. அவை பார்வைக்கு எளியவை. குதிரைமேல் அமர்ந்தாற்போல் கால்களை அகற்றி நின்று, இடமும் வலமுமாகப் பக்கவாட்டில் நகர்வதே அவற்றின் அமைப்பு. பாய்ச்சலும் இல்லை, துள்ளலும் இல்லை.

அதற்கு ஏன் இத்தனை காலம்? ஒரு குத்தைச் சான்றாகக் கொள்ளலாம். பின்காலின் குதிகால் தரையை அழுத்த வேண்டும். இடுப்பு திரும்ப வேண்டும். ஒரு கை முன்செல்லும் கணத்திலேயே மறுகை இடுப்புக்கு மீள வேண்டும். புதிதாய்ப் பயில்பவன் இவற்றை ஒவ்வொன்றாக எண்ணிச் செய்கிறான். பல்லாண்டு பயின்றவன் எண்ணுவதில்லை, உடம்பே செய்துவிடுகிறது. அந்த மறதியில்தான் பிழை குடிபுகுகிறது. குதிகால் சற்றே எழும். மீளும் கை பாதி வழியில் நின்றுவிடும். அவனுடைய விரைவு அக்குறையை மூடிக்கொள்ளும். எதிர்நிற்பவனுக்கும் அது தெரிவதில்லை. ஆனால் அவன் ஆசிரியனாகி முன்னே நின்றவுடன், முப்பது பேர் அந்த எழுந்த குதிகாலைப் பார்த்துக் கற்கின்றனர். அவனது விரைவு அவர்களிடம் இல்லை. குறை மட்டும் முழுமையாகப் போய்ச் சேர்கிறது.

தான் கற்ற வழியை மறந்தவனால், ‘எனக்கு ஏன் வரவில்லை?’ என்று கேட்கும் மாணாக்கனுக்கு விடை கூறவும் இயலாது. ‘இன்னும் வேகமாகச் செய்’ என்பதே அவன் அறிந்த ஒரே மருந்தாகிவிடும். ‘ஓசை சரியில்லை’ என்று மட்டும் சொல்லி இளைஞனின் தாளைத் திருப்பிக் கொடுக்கும் மூத்த கவிஞர்களை இங்கே நினைத்துக்கொள்வதில் தவறில்லை. தளை எங்கே தட்டுகிறது என்று காட்டவேண்டுமானால் அவர்கள் மறுபடியும் நேர், நிரை என்று விரல்விட்டு எண்ண வேண்டும். அதற்குக் கூச்சம் தடையாக இருக்கிறது.

ஜப்பான் கராத்தே சங்கம் 1956இல் பயிற்றுநர்களுக்கெனத் தனிப் பயிற்சி ஒன்றைத் தொடங்கியது. அதில் சேர்ந்தோர் ஏற்கெனவே கறுப்புப் பட்டை பெற்றவர்கள். அவர்களுக்கும் நிற்றல், குத்தல், தடுத்தல் என்னும் பழைய பாடமே மீண்டும் வைக்கப்பட்டது.

ஃபுனகோஷியின் மற்றோர் ஆசான் இட்டோசு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கராத்தே ஒகினாவாப் பள்ளிகளுக்குள் நுழைந்தபோது அவர் எழுபதைக் கடந்தவர். சிறுவர்க்கு ஏற்றவாறு ‘பினான்’ என்னும் ஐந்து எளிய கட்டாக்களை அமைத்தார். தாம் கற்றதையெல்லாம் அவிழ்த்துப் பரப்பி, முதலடி எது என்று மறுபடியும் தேடாமல் அது கைகூடியிருக்காது. புதிய, கடினமான தொடர் ஒன்றைப் படைப்பதைவிட அதுவே பெரிய செயல்.

1922இல், தம் 53ஆம் வயதில், ஃபுனகோஷி டோக்கியோவில் கராத்தேயைச் செய்துகாட்டச் சென்றார். ஜூடோவை உருவாக்கி, 1882இல் கோடோகான் பள்ளியை நிறுவிய ஜிகோரோ கானோ அவரை அழைத்துச் செய்துகாட்டச் சொன்னார். பார்த்து முடித்ததும், அடிப்படையான கட்டாக்கள் சிலவற்றையேனும் தமக்குக் கற்பிக்குமாறு கேட்டார். கேட்டவர் அறுபதைக் கடந்தவர்; நாற்பதாண்டுகள் ஆசிரியராக இருந்தவர். ஊர் திரும்ப இருந்த ஃபுனகோஷி பயணத்தை ஒத்திவைத்தார். பின்னர் அந்நகரிலேயே தங்கிவிட்டார். ஒகினாவா மாணவர் விடுதி ஒன்றில் சிற்றறை கிடைத்தது. பிழைப்புக்காக அவ்விடுதியைக் காவல் காத்தார், அறைகளைப் பெருக்கினார், தோட்டத்தைப் பேணினார். எஞ்சிய பொழுதில், வந்த சிலருக்கு, கால் ஊன்றி நிற்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார்.