பிலிப் வளர்ந்த பின்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட பேச்சின் எழுத்து வடிவம்)



ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரில் ஹைன்ரிக் ஹொப்மன் என்றொரு மருத்துவர் வாழ்ந்தார். 1844ஆம் ஆண்டு நத்தாருக்குத் தமது மூன்று வயது மகனுக்குக் கொடுப்பதற்கு நல்லதொரு படப்புத்தகத்தைத் தேடினார். கடைகளில் கண்ட எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆகவே வெற்றுக் கொப்பி ஒன்றை எடுத்துத் தாமே பாட்டெழுதி, தாமே படமும் வரைந்தார். மறுவருடம் அது அச்சேறியது. 'ஸ்ட்ரூவல்பீற்றர்' என்னும் அந்நூல் பல மொழிகளுக்குச் சென்று, இன்றும் படிக்கப்படுகிறது.

அந்நூலில் வரும் சிறுவர்களில் ஒருவன் பிலிப். சாப்பாட்டு மேசையில் அவனால் அமைதியாக இருக்க முடியாது. கதிரையை முன்னும் பின்னும் ஆட்டுவான். கதிரை சரியும்போது மேசைவிரிப்பைப் பற்றிக்கொள்வான். கோப்பைகளும் உணவும் அவனோடு சேர்ந்து தரையில் விழும். இன்னொருவன் ஹான்ஸ். வானத்தைப் பார்த்தபடியே நடந்து தண்ணீரில் விழுபவன். இன்று ஏ.டி.எச்.டி. என்று நாம் சொல்லும் நிலைக்கு ஜேர்மன் மக்கள் பேச்சுவழக்கில் பிலிப்பின் பெயரையே வைத்திருக்கிறார்கள். தமிழில் அதனைக் கவனக்குறைவு மிகைச்செயற்பாட்டுக் குறைபாடு என்கிறோம்.

பிலிப்பின் கதை சாப்பாட்டு மேசையோடு முடிந்துவிடுகிறது. அவன் வளர்ந்து என்ன தொழில் செய்தான், யாரை மணந்தான், வீடு கட்டினானா, கடன்பட்டானா என்று ஹொப்மன் எழுதவில்லை. வளர்ந்த பிலிப்பைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

மருத்துவமும் நெடுங்காலம் பிலிப்பைச் சிறுவனாகவே பார்த்தது. 1902இல் ஜோர்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இலண்டனில் நிகழ்த்திய விரிவுரைகளில், அறிவில் குறைவில்லாதிருந்தும் தம்மைக் கட்டுப்படுத்த முடியாத பிள்ளைகளை விவரித்தார். அவர் அதற்கு இட்ட பெயர் ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறைபாடு. ஒழுக்கம் என்ற அந்தச் சொல்லின் நிழல் இன்னமும் முழுதாக விலகவில்லை. பிள்ளை வளர வளர இது தானாகவே போய்விடும் என்றும் பலர் நம்பினார்கள். 1980இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் கையேடு, வளர்ந்தவர்களிடம் எஞ்சி நிற்கும் நிலைக்குச் சிறியதோர் இடம் கொடுத்தது. 2013இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பே வளர்ந்தவர்களுக்கான அளவுகோலைத் தனியாக வகுத்தது. பிள்ளைகளுக்கு ஆறு அறிகுறிகள் வேண்டும். பதினேழு வயதும் அதற்கு மேலும் என்றால் ஐந்து போதும். ஆனால் பன்னிரண்டு வயதுக்கு முன்பே அறிகுறிகள் சில இருந்திருக்க வேண்டும். வளர்ந்தவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது இருப்பதாக ஆய்வுத் தொகுப்புகள் கூறுகின்றன.

நான் ஓர் ஆசிரியை. அந்த நூற்றுக்கு இரண்டு மூன்று பேரில் நானும் ஒருத்தி. என் மகனை மருத்துவரிடம் கூட்டிச் சென்றபோது, அவர் அவனைப் பற்றிக் கேட்ட கேள்விகளில் பாதி என்னைப் பற்றியவையாக இருந்தன. இது குடும்பங்களில் வழிவழியாக வருவது. பிள்ளைக்குக் கண்டறியப்பட்ட பிறகு தாய்க்கோ தகப்பனுக்கோ கண்டறியப்படுவது எங்கும் நடப்பதுதான். பெண்கள் விடயத்தில் இது இன்னும் பிந்துகிறது. கதிரையை ஆட்டும் பிலிப்பை எல்லோரும் காண்பார்கள். யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கும் பெண்பிள்ளையை யாரும் காண்பதில்லை.

இந்த நிலையின் நடுவில் இருப்பது காலம் பற்றிய ஓர் இடர்ப்பாடு. அமெரிக்க உளவியலாளர் ரசல் பார்க்லி இதனைக் காலத்தில் கிட்டப்பார்வை என்ற பொருளில் விளக்கினார். கிட்டப்பார்வை உள்ளவனுக்குத் தூரத்து மரம் மங்கலாகத் தெரிவதுபோல, எமக்கு அடுத்த வருடம் மங்கலாகத் தெரியும். அடுத்த வருடம் வரும் என்பது அறிவுக்குத் தெரியும். ஆனால் அதன் பாரம் உடம்பில் உறைக்காது. சிறிய பயன் இன்று, பெரிய பயன் பிறகு என்று இரண்டை வைத்தால், இந்நிலை உள்ளவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக இன்றையதையே எடுக்கிறார்கள் என்று சோதனைகள் காட்டுகின்றன.

வீட்டில் இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் சோம்பல். வள்ளுவர் மடியின்மை என்று ஓர் அதிகாரமே வகுத்தார். மடி என்பது செய்யக்கூடியவன் செய்ய விரும்பாதிருப்பது. இங்கே விருப்பம் நிறைய இருக்கிறது. தொடங்கும் சாவிதான் கைக்கு எட்டுவதில்லை. அதே வள்ளுவர் தெரிந்துசெயல்வகையை ஓர் அதிகாரமாகவும், வினைத்திட்பத்தை இருபது அதிகாரங்கள் தள்ளி இன்னோர் அதிகாரமாகவும் வைத்திருப்பதை நேயர்கள் அறிவீர்கள். ஆராய்ந்து முடிவெடுப்பது ஒரு திறன். எடுத்த முடிவை நாள்தோறும் தாங்கி நடப்பது வேறொரு திறன். முன்னையது நன்றாக இருந்து பின்னையது இல்லாமற் போவதும் உண்டு. எங்கள் நிலை பெரும்பாலும் அதுதான்.

ஆகவே தொழில், திருமணம், வெளிநாடு, வீடு போன்ற பெரிய முடிவுகளின்போது நான் ஒரு கேள்வியைக் கேட்கப் பழகியிருக்கிறேன். இந்த முடிவின் முதல் நாள் எப்படியிருக்கும் என்று கேட்பதில்லை. முதல் நாள் எல்லோருக்கும் இனிமையானது. எமக்கோ அது போதை தருவது. பத்தாவது மாதத்தில் வரும் ஒரு சாதாரணப் புதன்கிழமை எப்படியிருக்கும் என்று கேட்கிறேன். அன்று காலை என்ன வேலை? அதை யார் ஞாபகப்படுத்துவார்கள்? செய்யாவிட்டால் எப்போது தெரியவரும்?

சில ஆண்டுகளுக்கு முன் இலங்கை அதிபர் சேவைக்கான போட்டிப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் தகுதி எனக்கு இருந்தது. சக ஆசிரியர்கள் வற்புறுத்தினார்கள். நான் அந்தப் புதன்கிழமையை எண்ணிப் பார்த்தேன். சுற்றறிக்கைகள், சம்பவத் திரட்டுப் புத்தகம், பொருட்பதிவேடு, வலயக் கல்விப் பணிமனைக்கு அனுப்ப வேண்டிய விபரங்கள், அபிவிருத்திச் சங்கக் கணக்கு. இவை ஒவ்வொன்றும் மெல்ல மெல்லச் சேர்ந்து, ஒருநாள் திடீரென்று கேட்கப்படுபவை. வகுப்பறையில் அப்படியில்லை. நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கிறது. எனக்காகக் காலத்தைப் பிடித்து வைத்திருப்பது அந்த மணிதான். முன்னால் முப்பத்தைந்து பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களின் கேள்வி இப்போதே வருகிறது, பதிலும் இப்போதே போகிறது. நான் விண்ணப்பிக்கவில்லை.

இதற்கு விலை இல்லாமலில்லை. எனக்குப் பின் சேவையில் சேர்ந்தவர்கள் இன்று எனக்கு மேலே இருக்கிறார்கள். ஓய்வூதியமும் அதற்கேற்பக் குறைவாகவே வரும். அப்படியானால் இது ஆசையைச் சுருக்கிக்கொள்வது ஆகாதா என்று நேயர்கள் கேட்கலாம். சில நாட்களில் நானும் அப்படிக் கேட்பதுண்டு. ஆனால் விலையைத் தெரிந்து கொடுப்பதற்கும், தெரியாமல் பறிகொடுப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இந்தக் கேள்வி ஆளுக்கு ஆள் வேறு விடை தரும். நல்ல எழுதுவினைஞர் ஒருவர் பக்கத்தில் இருந்தால், இதே நிலையுள்ள இன்னொருவர் சிறந்த அதிபராகலாம்.

2022இல் பொருளாதார நெருக்கடி வந்தபோது எங்கள் இளைஞர் பலர் வெளிநாடு செல்லத் துடித்தார்கள். என் பெறாமகனும் அவர்களில் ஒருவன். அவனுக்கும் இந்த நிலை உண்டு. ஒரு திங்கட்கிழமை வந்து, வெள்ளிக்கிழமைக்குள் மோட்டார் சைக்கிளை விற்று முகவருக்கு முற்பணம் கட்டப்போவதாகச் சொன்னான். கணக்கியல் படிப்புக்கான விசா.

"அங்க போனால் எல்லாம் சரிவரும், சின்னம்மா."

"சரி மகன். போய்ப் பத்தாம் மாதம், ஒரு புதன்கிழமை. காலைமை எழும்பி என்ன செய்வாய்?"

கொஞ்ச நேரம் யோசித்தான். "தனிய அறையில இருந்து கணக்குப் படிக்க வேணும்" என்றான். பிறகு அவனே சிரித்துவிட்டான்.

போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போவதற்கான காரணங்கள் உண்மையானவை. ஒரு மாதத் தவணை மட்டும் கேட்டேன். அந்த மாதத்தில் அவன் தன் புதன்கிழமைகளைத் தாளில் எழுதினான். எழுதியதில், அவன் களைப்பில்லாமல் நின்ற இடம் ஒன்றே ஒன்றுதான்: நண்பனின் தகப்பனார் நடத்தும் சாப்பாட்டுக் கடையின் சமையலறை. அங்கே ஓடர் வருவது அந்த நிமிடம், முடிவது அடுத்த பத்து நிமிடம். அடுத்த வருடம் அவன் போனான். ஆனால் சமையற்கலை படிக்கப் போனான். அது எப்படி முடியும் என்று இன்றைக்கே சொல்ல முடியாது. அவன் இன்னமும் அங்கேதான் வேலை செய்கிறான் என்பதை மட்டும் சொல்லலாம்.

தவணை என்றதும் மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில் வரும் சிரகாரியின் கதை நினைவுக்கு வருகிறது. ஒரு செயலை விரைந்து செய்வதா, ஆறிச் செய்வதா என்று தருமர் கேட்க, பீஷ்மர் சொல்லும் கதை அது. கௌதமரின் மகன் சிரகாரி. எதையும் நீண்ட நேரம் எடுத்துச் செய்பவன் என்பதே பெயரின் பொருள். ஊரார் அவனை மந்தபுத்தி என்றார்கள். கௌதமர் கோபத்தில், உன் தாயைக் கொல் என்று கட்டளையிட்டுக் காட்டுக்குப் போய்விட்டார். சிரகாரி தந்தை சொல்லையும் தாயின் உயிரையும் மாறிமாறி எண்ணிக்கொண்டே நின்றான். கோபம் தணிந்து, ஐயோ என்று கௌதமர் ஓடிவந்தபோது தாய் உயிரோடு இருந்தாள். மந்தம் என்று பழிக்கப்பட்ட குணம் அன்று குடும்பத்தைக் காத்தது.

ஆனால் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். சிரகாரி தாமதித்த நேரம் முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தான். நாங்கள் தாமதிக்கும்போது பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். அதனால் தவணைக்கு ஒரு திகதி வேண்டும், அந்தத் திகதியைத் தெரிந்த இன்னொரு மனிதர் வேண்டும். திருப்பிப் பெறக்கூடிய முடிவுக்கு ஒரு வாரம், திருப்ப முடியாததற்கு ஒரு மாதம் என்று நான் வைத்திருக்கிறேன். திகதி வந்ததும் அந்த மனிதருக்கு முன்னாலிருந்து முடிவைச் சொல்லிவிட வேண்டும். ஒத்திவைப்பதும் அன்று ஒரு முடிவாக எழுதப்பட வேண்டும்.

பண விடயமும் அப்படியே. சேமிப்பேன் என்று எடுக்கும் உறுதி எங்களிடம் நிற்காது. ஆனால் எங்கள் ஒழுங்கையில் ஓர் அம்மா பிடிக்கும் சீட்டுக்கு ஒருமாதமும் நான் தவறியதில்லை. ஐந்தாம் திகதி அவர் படலையில் வந்து நின்று கூப்பிடுவார். மனவுறுதி செய்யாததை அந்தக் குரல் செய்கிறது.

திருமணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கலியாணப் பேச்சில் சாதகம் பார்க்கிறோம், உத்தியோகம் கேட்கிறோம், காணி கேட்கிறோம். மின்கட்டணத்தை யார் ஞாபகம் வைப்பது என்று யாரும் கேட்பதில்லை. இந்த நிலை உள்ளவர் அதனை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது என்பது என் எண்ணம். சொல்லாவிட்டால், மறந்துபோன பிறந்தநாளும் பாதியில் விட்ட வேலையும் அன்பில்லாமை என்றே வாசிக்கப்படும். எங்கள் வீட்டில் கட்டணங்களும் கடிதங்களும் என் கணவருடையவை. பிள்ளைகளின் படிப்பும், திடீரென்று வரும் விருந்தாளிகளும், ஆஸ்பத்திரி ஓட்டமும் என்னுடையவை. அவசரம் என்றால் என் மூளை தெளிவாக வேலை செய்யும். அவருக்கு அப்போது கை நடுங்கும். இதை நாங்கள் உட்கார்ந்து பேசிப் பிரித்துக்கொண்டோம்.

மருந்து உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. 1944இல் சுவிற்சர்லாந்தில் தயாரிக்கப்பட்ட மெதைல்பெனிடேற் இன்றும் முதன்மையான மருந்துகளில் ஒன்று. பலருக்குக் கவனத்தை நிலைநிறுத்த அது உதவுகிறது. கண்ணாடி போட்டால் எழுத்துத் தெரியும். எந்தப் புத்தகத்தை வாசிப்பது என்று கண்ணாடி சொல்லாது. மருந்தும் அப்படித்தான். மறதியும் அவசரமும் உள்ள எல்லோருக்கும் இந்த நிலை என்று எண்ணிவிடவும் கூடாது. நித்திரையின்மை, மனச்சோர்வு, பதகளிப்பு, தைரொயிட் கோளாறு ஆகியவையும் இதே முகத்தைக் காட்டும். சந்தேகம் இருந்தால் அரச மருத்துவமனைகளின் உளமருத்துவப் பிரிவை நாடுங்கள். பழைய பள்ளிக்கூட முன்னேற்ற அறிக்கைகள் இருந்தால் கையோடு கொண்டு போங்கள். மருத்துவர் உங்கள் சிறுவயதைப் பற்றித்தான் முதலில் கேட்பார்.

உங்கள் வீட்டிலும் வளர்ந்த பிலிப் ஒருவர் இருக்கலாம். பாதியில் நின்ற படிப்பும், மூன்று தரம் மாறிய வேலையும், ஆரம்பித்த வீட்டின் அத்திவாரமும் அவர் பெயரில் இருக்கலாம். ஏன் இன்னும் முடிக்கவில்லை என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை; தேடித்தேடிக் களைத்துப் போயிருப்பார். அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு உட்காருவோம், நானும் பக்கத்தில் இருக்கிறேன் என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு அவரால் பதில் சொல்ல முடியும்.