தொண்டுக்கும் கணக்கு உண்டு

(பொன்விழாவையொட்டி நடைபெற்ற சமூகப் பணியாளர் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



விழாக் காலத்தில் கோவில் கட்டியவர்களை நினைக்கிறோம். மணி வாங்கித் தந்தவர்களையும், பீடம் அமைத்தவர்களையும் நினைக்கிறோம். அவர்களுடைய பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. அது நியாயமே. ஆனால் கல்லில் பெயர் இல்லாத சிலர் இதே பங்கில் இருக்கிறார்கள். மறைமாவட்டச் சமூக சேவைச் சங்கத்தின் களப்பணியாளர், மீனவர் சங்கத்தில் ஏலம் விடுபவர், அதன் கணக்கர், சுய உதவிக் குழுவின் ஊக்குநர் ஆகியோரே அவர்கள். இவர்களைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

"உங்கள் மகன் என்ன வேலை பார்க்கிறான்?" என்று ஒரு தகப்பனாரிடம் கேட்டுப் பாருங்கள். வங்கியில் என்றால் தலை நிமிர்ந்து சொல்வார். வெளிநாட்டில் என்றால் இன்னும் நிமிர்ந்து சொல்வார். தொண்டு நிறுவனம் என்றால், "வேலை ஒன்றும் சரியாக அமையவில்லை சாமி, இப்போதைக்கு ஒரு சொசைட்டியில் இருக்கிறான்" என்று குரலைத் தாழ்த்துவார். தொண்டு செய்ய நல்ல மனம் இருந்தால் போதும், பயிற்சி வேண்டாம் என்று ஓர் எண்ணம் நம்மிடையே இருக்கிறது. சம்பளம் வாங்குகிறவன் செய்வது தொண்டே அல்ல என்பது மற்றோர் எண்ணம். இவ்விரண்டும் தவறு என்பதே என் கருத்து.

முதலில் மறைநூலைப் பார்ப்போம். அப்போஸ்தலர் பணி நூலின் ஆறாம் அதிகாரத்தில், எருசலேம் திருச்சபையில் எழுந்த முதல் முறுமுறுப்பைப் படிக்கிறோம். அது கோட்பாட்டைப் பற்றிய சண்டை அன்று; சோற்றைப் பற்றிய மனத்தாங்கல். அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் கவனிக்கப்படாமல் விடப்பட்டார்கள். அப்போஸ்தலர்கள் "பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று பிரசங்கம் செய்து அனுப்பிவிடவில்லை. நற்பெயரும் ஞானமும் உள்ள எழுவரைச் சபையே தேர்ந்தெடுக்கும்படி செய்தார்கள். அந்த எழுவருடைய பெயர்களைக் கவனியுங்கள்; எல்லாமே கிரேக்கப் பெயர்கள். யார் குறை சொன்னார்களோ, அவர்கள் நம்பக்கூடிய ஆட்களிடமே பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது என்று நாம் எண்ண இடமுண்டு. பெறுகிறவர்கள் நம்பக்கூடிய ஆளை நியமிப்பது, பொறுப்பைப் பகிர்ந்தளிப்பது என்ற இரண்டு பாடங்கள் அன்றே எழுதப்பட்டுவிட்டன.

புனித சின்னப்பரும் அப்படியே. எருசலேமின் ஏழைகளுக்காக மக்கேதோனியாவிலும் கொரிந்துவிலும் பணம் திரட்டியபோது, அதை அவர் தனியே சுமந்துகொண்டு போகவில்லை. சபைகள் தேர்ந்தெடுத்த ஆளைத் தம்மோடு சேர்த்துக்கொண்டார். இத்தனை பெரிய தொகையில் எவரும் குறை கூற இடம் இருக்கக் கூடாது, கடவுள் முன்னிலையில் மட்டுமல்ல, மனிதர் முன்னிலையிலும் நேர்மை விளங்கவேண்டும் என்று கொரிந்தியருக்கு எழுதுகிறார். சின்னப்பரைவிடவா நாம் நம்பிக்கைக்குரியவர்கள்? அவருக்கே சாட்சி தேவைப்பட்டது என்றால், நமக்கு ரசீதுப் புத்தகம் தேவை என்பதில் வெட்கம் என்ன?

அடுத்து, நம் சபையின் பாதுகாவலரான புனித வின்சென்ட் தே பவுலின் வாழ்க்கையில் ஒரு நாளைச் சொல்கிறேன். 1617ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். பிரான்சு நாட்டில் ஷாட்டியோன் என்னும் சிற்றூரில் அவர் பங்குக் குரு. ஒரு ஞாயிறன்று, ஊருக்கு வெளியே ஒரு குடும்பம் முழுவதும் நோயில் கிடக்கிறது என்று பூசையில் அறிவித்தார். மாலையில் அங்கே போய்ப் பார்த்தால், பாதை முழுவதும் ரொட்டியும் இறைச்சியும் சுமந்த மக்கள் கூட்டம்! மகிழ வேண்டிய காட்சிதான். ஆனால் அவர் வேறொன்றையும் கண்டார். இன்று வந்து குவிந்ததில் பாதி கெட்டுப்போகும். நாளை மறுநாள் அக்குடும்பம் பழையபடி பசித்துக் கிடக்கும். எனவே, சில நாட்களிலேயே ஊர்ப் பெண்களைக் கூட்டினார். முறை வைத்து, ஆளுக்கு ஒரு நாள் சமைத்துக் கொடுக்க ஏற்பாடு செய்தார். ஒழுங்குவிதிகளை எழுதினார். நோயாளியை எப்படி வாழ்த்த வேண்டும், உணவை எப்படிப் பரிமாற வேண்டும் என்பதுகூட அதில் உண்டு. அவர் கண்ட குறை மக்களின் அன்பில் இல்லை, ஒழுங்கில்தான் இருந்தது. பின்னர் 1833இல் பாரிஸ் நகரில் பிரெடரிக் ஓசானாமும் அவருடைய மாணவத் தோழர்களும் தொடங்கிய சபை, இவருடைய பெயரைத் தாங்கி இன்று நம் பங்கிலும் வாரந்தோறும் கூடுகிறது. இருவர் இருவராக வீடு சந்திப்பது அச்சபையின் பழைய பழக்கம்.

சகோதர சகோதரிகளே, ஷாட்டியோனில் நடந்ததை நாமே நம் கடற்கரையில் கண்டோம். 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தது. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று நம் மாவட்டத்துக் கரையெல்லாம் ஓலம். உதவியும் வெள்ளமாக வந்தது. அதை நன்றியோடு நினைக்கிறோம். ஆயினும், யாருக்கு எது தேவை என்று கேட்காமல் அனுப்பப்பட்ட பழைய துணி மூட்டைகள், தமிழகக் கரையில் பல இடங்களில் சாலையோரத்தில் கிடந்து மழையில் நனைந்ததையும் கண்டோம். ஒரு சில ஊர்களில் தேவைக்கு மேல் படகுகள் வந்து சேர்ந்தன. வேறு சில இடங்களில், சொந்தப் படகு இல்லாமல் கூலிக்குப் போனவனும், தலைச்சுமையாய் மீன் விற்ற பெண்ணும் எந்தப் பட்டியலிலும் சேராமல் விடுபட்டார்கள். கொடுத்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். கேட்டறிந்து எழுத ஆள் போதவில்லை, அவ்வளவுதான்.

அப்படி எழுத ஆள் இருந்தபோது என்ன நடந்தது என்பதையும் கண்டோம். 2017 நவம்பர் 29, 30 தேதிகளில் ஒக்கிப் புயல் அடித்தது. ஆழ்கடலுக்குப் போன நம் மீனவர்களுள் எத்தனை பேர் திரும்பவில்லை என்று எவருக்கும் தெரியாத நாட்கள் அவை. தூத்தூர்ப் பகுதியிலும் மற்றக் கரைகளிலும் பங்குகள் தோறும் உட்கார்ந்து, எந்தப் படகில் யார் போனார், வயது என்ன, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு பெயராக எழுதினார்கள். கரை சேர்ந்தவர் பெயரை அடித்தார்கள். சேராதவர் பெயரை விட்டுவைத்தார்கள். அந்தப் பட்டியல்கள் இல்லாதிருந்தால், கணவனை இழந்த பெண் எந்த அலுவலகத்தில் போய் எதைக் காட்டியிருப்பாள்? ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் அன்று செய்தது தொண்டு அல்லவா? கணக்கு என்பது பணத்துக்கு மட்டும் அன்று, ஆட்களுக்கும் உண்டு. நல்ல ஆயன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறான் என்று நற்செய்தியில் கேட்கிறோம்.

இனி, தொண்டு நிறுவனத்தில் வேலை என்றால் என்ன வேலை என்று கேட்கும் இளைஞர்களுக்கு, நம் கரையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். கட்டுமரக் காலத்தைப் பெரியவர்கள் அறிவார்கள். வலை வாங்க வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால், மீனை அவன் வழியாகத்தான் விற்கவேண்டும். விலையும் அவன் சொல்வதே. மீன்பாடு இருந்தாலும் கடன், இல்லாவிட்டாலும் கடன். இதை மாற்ற வந்தவர்கள் வெறுங்கையோடு ஆறுதல் சொல்ல வரவில்லை. திருவனந்தபுரம் மறைமாவட்டத்தில், ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா அவர்கள் காலத்தில், மரியநாடு என்ற மீனவர் குடியிருப்பில் சமூகப் பணியாளர் குழு ஒன்று குடியிருந்து வேலை செய்தது. மீனவர்களுக்கென்றே ஒரு கூட்டுறவுச் சங்கம் அங்கே எழுந்தது. நம் மாவட்டத்திலும் முட்டம் முதலிய ஊர்களில் இத்தகைய சங்கங்கள் தோன்றின. 1980இல் இவை கூடித் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் சம்மேளனமாயின.

அச்சங்கத்தின் சூட்சுமம் எளியது. சங்கத்தின் ஆளே கரையில் நின்று ஏலம் விடுவார். வியாபாரியிடமிருந்து பணத்தை வசூலிப்பது சங்கத்தின் பொறுப்பு. மீனவனுக்கு உரிய பணம் குறித்த நாளில் கைக்கு வரும். படகுக்கும் வலைக்கும் வாங்கிய கடனுக்கு மாதத் தவணை கிடையாது. அன்றன்று விற்ற மீனில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வார்கள். மீன்பாடு இல்லாத நாளில் பிடித்தமும் இல்லை. இன்னொரு சிறு பங்கு சேமிப்புக்குப் போகும். இதைக் கண்டுபிடிக்க எத்தனை இரவுகள் கரையில் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்! கடலின் இயல்பை அறிந்து கடனின் விதியை எழுதினார்கள். அதுவே தொழில்திறமை. அன்றாடம் அதிகாலையில் ஏலம் விட்டு, நண்பகலில் பேரேட்டில் பதிவு செய்து, மாலையில் பாக்கி வசூலிக்கப் போகும் அந்தப் பணியாளர், சம்பளம் வாங்கினார் என்பதால் அது தொண்டு அல்லாமல் போய்விடுமா?

இத்தொழிலுக்குப் படிப்பும் உண்டு. சமூகப் பணிக்கென 1936இல் பம்பாயிலும், 1952இல் சென்னையிலும் கல்வி நிலையங்கள் தொடங்கப்பட்டன. திருத்தந்தை 16ஆம் ஆசீர்வாதப்பர் 2005இல் கடவுளின் அன்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், துன்புறுவோருக்குப் பணிபுரிவோருக்கு முதலில் வேண்டியது தொழில்திறமை என்கிறார். அது மட்டும் போதாது, இதயப் பயிற்சியும் வேண்டும் என்றும் சேர்க்கிறார். நாமோ அந்த இரண்டாவதைச் சொல்லி முதலாவதை மறந்துவிடுகிறோம்.

இதையெல்லாம் இன்று ஏன் வற்புறுத்துகிறேன்? காலம் மாறிவிட்டது. பெரியவர்களுக்கு அமெரிக்கக் கோதுமையும் பால் பவுடரும் நினைவிருக்கும். 1962இல் இந்திய ஆயர்கள் காரித்தாஸ் இந்தியாவைத் தொடங்கினார்கள்; மறைமாவட்டங்கள்தோறும் சமூக சேவைச் சங்கங்கள் பெருகின. அவற்றின் திட்டங்கள் பலவற்றுக்குப் பணம் வெளிநாட்டிலிருந்து வந்தது. அப்பணத்தை ஒழுங்குபடுத்த 1976இல் ஒரு சட்டம் வந்தது. 2010இல் அதற்குப் பதில் புதுச் சட்டம் இயற்றப்பட்டது. 2020இல் செய்த திருத்தத்தின்படி, அவ்வாறு பெற்ற பணத்தை ஒரு நிறுவனம் மற்றொன்றுக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவும் 20 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது. பெரிய சங்கத்திடமிருந்து சிறிய சங்கத்துக்குப் பணம் வந்த பாதை அடைபட்டது. சரியா தவறா என்று வாதாடுவதற்கு இது மேடையன்று. இனி நம் ஊர் ஏழையை நம் ஊர்ப் பணத்தால், நம் ஊர் ஆட்களால் கவனிக்கவேண்டும் என்பதுதான் நம் முன் நிற்கும் கேள்வி. நம்மால் முடியுமா?

முடியும். அதற்கு மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, கணக்கை வெளியே வையுங்கள். சுய உதவிக் குழுப் பெண்கள் தங்கள் கூட்டத்தில் வரவு செலவை உரக்க வாசிப்பதைக் கேட்டிருக்கிறீர்களா? கையெழுத்து மட்டுமே போடக் கற்ற ஒரு தாய், "போன மாதம் இருப்பு சொன்னதற்கும் இதற்கும் இருபது ரூபாய் உதைக்கிறதே" என்று நிறுத்திக் கேட்பாள். அந்தக் கேள்வி அவமானம் அன்று; அதுவே அக்குழுவின் உயிர். பங்கின் ஒவ்வொரு சபையும், பங்குத் தந்தையின் அலுவலகம் உட்பட, ஆண்டுக்கு இருமுறை வரவு செலவைக் கோவில் முகப்பில் ஒட்டுவோம்.

இரண்டாவது, பணியாளருக்கு நியாயமான கூலி கொடுங்கள். திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இலேயே தொழிலாளரின் நியாயக் கூலியைப் பற்றி உலகுக்கு எடுத்துரைத்தார். ஆலை முதலாளிக்குச் சொல்லும் அதே நீதி, நம் சங்கத்துக்கும் பொருந்தும். "தொண்டுதானே, குறைத்து வாங்கிக்கொள்ளம்மா" என்று ஒரு களப்பணியாளரிடம் சொல்வோமானால், ஏழைக்கு நாம் கொடுக்கும் தருமத்தை இன்னோர் ஏழையின் சட்டைப்பையிலிருந்து எடுக்கிறோம் என்றே பொருள். நிர்வாகச் செலவு என்று கணக்கில் எழுதப்படுவது பல வேளைகளில் ஒரு குடும்பத்தின் சோறு.

மூன்றாவது, பணியாளர்களுக்கு. உங்கள் வேலை, ஒருநாள் நீங்கள் தேவைப்படாமல் போவதே. பத்து ஆண்டு கழித்தும் அதே குடும்பம் அதே பைக்காக உங்கள் வாசலில் நிற்குமானால், எங்கோ பிழை இருக்கிறது. மனுவை நீங்களே எழுதிக் கொடுப்பது எளிது. அவரையே எழுதச் செய்வது கடினம். கடினமானதைச் செய்யுங்கள். எவரையும் காக்கவைக்காதீர்கள், எவரிடமும் இரக்கத்தைக் காட்டி நன்றியை வசூலிக்காதீர்கள். கொடுக்கும்போது படம் பிடிக்காதீர்கள். பெற்றுக்கொள்கிறவரும் இதே பந்தியில் நம்மோடு அமர்கிறவர் அன்றோ?

பெற்றோரே, உங்கள் பிள்ளை இப்பணிக்குப் போக விரும்பினால் தடுக்காதீர்கள். அதே வேளையில், "சும்மா போய் இரு" என்றும் அனுப்பாதீர்கள். படிக்க வையுங்கள், கணக்கு எழுதக் கற்றுக்கொடுங்கள், மக்கள் பேசுவதைப் பொறுமையோடு கேட்கப் பழக்குங்கள். அடுத்த முறை எவராவது உங்கள் மகன் என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்டால், குரலைத் தாழ்த்தாமல் சொல்லுங்கள்.

பசியாயிருந்தேன், தாகமாயிருந்தேன் என்று இறுதி நாளில் ஆண்டவர் கேட்பதும் ஒரு கணக்குத்தான். அந்தக் கணக்கை ஒப்படைக்கும் நாளில் நம் பங்கின் ஏடு திருத்தமாக இருக்கவும், நம்மிடையே உழைக்கும் பணியாளர் அனைவரையும் அவர் நிறைவாக ஆசீர்வதிக்கவும் வேண்டி, என் உரையை முடிக்கிறேன்.