தொண்ணூறிலும் வளரும் தசை



உடற்பயிற்சி என்றால் நம் ஊரில் பலருக்கும் நடைப்பயிற்சிதான். விடியற்காலையில் மெரினா கடற்கரைக்கோ கோவை ரேஸ்கோர்ஸ் பக்கமோ போனால் கூட்டம் கூட்டமாக நடக்கிறார்கள். மிக நல்ல பழக்கம். ஆனால் எடை தூக்கும் பயிற்சி என்று சொல்லிவிட்டால் போதும், ‘அதெல்லாம் வாலிபப் பசங்களுக்கு’ என்று ஒதுங்கிவிடுவார்கள். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு அது ஆகாது என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது. உண்மை நேர்மாறானது. வயது ஏற ஏறத்தான் வலிமைப் பயிற்சியின் தேவையும் ஏறுகிறது.

இதை உலகுக்கு எடுத்துக் காட்டியவர்கள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு முதியோர் பராமரிப்பு மையத்தில் இருந்த பத்துப் பேர். வயது 86 முதல் 96 வரை. நடை தளர்ந்து, அன்றாட வேலைகளுக்குப் பிறர் துணையை நம்பியிருந்தவர்கள். மருத்துவர் மரியா ஃபியாடரோனும் அவருடைய குழுவினரும் இவர்களுக்குக் கொடுத்தது மெல்லிய கைவீச்சுப் பயிற்சி அல்ல. ஒருவர் அதிகபட்சம் எவ்வளவு எடையைக் காலால் உயர்த்த முடியுமோ, அதில் 80 சதவீதம் வரை ஏற்றினார்கள். உட்கார்ந்தபடி காலை நீட்டி எட்டு முறை தூக்க வேண்டும், சற்று ஓய்வு, மீண்டும் எட்டு, மறுபடியும் எட்டு. வாரத்தில் மூன்று நாள், எட்டு வாரங்கள்.

நேயர்களே, தொண்ணூறு வயதுப் பாட்டியை எடை தூக்கச் சொன்னால் நம் வீட்டில் எத்தனை பேர் பதறுவோம்! அங்கே ஒன்பது பேர் பயிற்சியை முழுதாக முடித்தார்கள். 1990-இல் வெளியான முடிவுகளின்படி, அவர்களுடைய கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. அதாவது, பத்துக் கிலோவைத் தூக்கியவர் இருபத்தேழு கிலோவைத் தூக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடைத் தசையின் பருமனும் 9 சதவீதம் வளர்ந்திருந்தது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டார்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழவே முடியாதிருந்த மூவரில் ஒருவர் தானாக எழுந்தார்.

பயிற்சியை நிறுத்திய நான்கே வாரங்களில் அந்த வலிமையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோனதும் இதே ஆய்வில் பதிவாகியிருக்கிறது. அதனால்தான் ‘தொடர்ந்து செய்யுங்கள்’ என்று மருத்துவர்கள் அலுக்காமல் சொல்கிறார்கள்.

பத்துப் பேர் போதுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1994-இல் அதே குழு நூறு முதியவர்களிடம் சோதித்தது. சராசரி வயது 87. சிலருக்குப் பயிற்சி, சிலருக்குச் சத்துபானம், சிலருக்கு இரண்டும். பத்து வாரங்களில், பயிற்சி செய்தவர்களின் வலிமை இரட்டிப்புக்கும் மேலே போனது. நடைவேகமும் மாடிப்படி ஏறும் திறனும் கூடின. சத்துபானம் மட்டும் குடித்தவர்களிடம் அப்படி ஒரு முன்னேற்றம் இல்லை. அப்பா அம்மாவுக்கு ஊட்டச்சத்து மாவு வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்கும் பிள்ளைகள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

இந்த மாற்றம் எப்படி நடக்கிறது? முதல் சில வாரங்களில் கூடும் வலிமையில் பெரும்பங்கு நரம்பு மண்டலத்தின் வேலை. தேரோட்டத்தில் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்களும் வந்து வடம் பிடித்தால் தேர் நகருமே, அப்படி, சும்மா இருந்த தசை இழைகளையும் மூளை வேலைக்கு அழைக்கிறது. அதன் பிறகு இழைகளே தடிக்கத் தொடங்குகின்றன. கூடவே எலும்புக்கும் உறுதி சேர்கிறது. சர்க்கரை நோய் மலிந்த நம் மாநிலத்துக்கு இன்னொரு பெரிய லாபமும் உண்டு. சாப்பிட்ட பின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெருமளவில் உள்வாங்குவது தசைதான். வேலை செய்யும் தசை, இன்சுலின் துணை இல்லாமலும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்.

பிசியோதெரபி அறைகளில் அடிக்கடி கேட்கும் வசனம் ஒன்று உண்டு. முழங்கால் வலியோடு வந்திருக்கும் அம்மா, ‘வீட்டு வேலையே இடுப்பை ஒடிக்குது தம்பி, இதுல தனியா எக்சர்சைஸ் வேறயா?’ என்பார். அவர் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் தினமும் தூக்கும் அதே குடம், அதே பாத்திரம் உடலுக்குப் பழகிவிடுகிறது. சுமை படிப்படியாகக் கூடினால்தான் தசை வளரும். அந்த அம்மாவுக்கு முதல் பாடமாகப் பெரும்பாலும் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதையே சொல்லிக் கொடுப்பார்கள்.

நீங்களும் செய்து பார்க்கலாம். நாற்காலியைச் சுவரோரம் போடுங்கள். பக்கத்தில் யாராவது இருக்கட்டும். கைகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழ முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதுக்குள் இருக்கும் பெண் 12 முறையையும், ஆண் 14 முறையையும் எட்டாவிட்டால், கால் வலிமை சராசரிக்குக் கீழே என்று பொருள். அவர்கள் கீழே விழும் ஆபத்தும் அதிகம். குறைவாக வந்தால் மனம் தளர வேண்டாம். அதையே பயிற்சியாக வைத்துக்கொள்ளலாம். சுலபமானதும் கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஒரு கிலோ கூடிவிடும். சுவரில் கை ஊன்றித் தண்டால், குதிகாலை உயர்த்தி இறக்குவது என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். மூச்சை மட்டும் அடக்கக் கூடாது. இதய நோயோ கட்டுக்குள் வராத இரத்த அழுத்தமோ இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

நேரம் நெருங்கிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் தந்த வழிகாட்டுதலைச் சொல்லிவிடலாம்: வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு, இரண்டு நாளாவது வலிமைப் பயிற்சி, 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மூன்று நாள் உடல் சமநிலைப் பயிற்சியும். நடப்பவர்கள் நடையை விட வேண்டாம், வலிமைப் பயிற்சிக்கு இரண்டு நாள் ஒதுக்கினால் போதும். கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகள், இந்த வாரமே வீட்டுப் பெரியவர்களோடு சேர்ந்து முதல் பத்து முறை எழுந்து உட்காருவார்கள் என்று நம்புவோம்.