படிக்கும் குரலும் திருத்தும் செவியும்

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில், அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர், பி.ஏ., பி.எட்., ஆற்றிய உரை)



சங்கத்தின் 25 ஆண்டுத் தொண்டினைப் பாராட்டிப் பேச இம்மேடையில் பெரியோர் பலர் இருக்கின்றனர். ஆதலின் நாம் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். நூல்களை வாய்விட்டுப் படித்து, ஒலியாகப் பதிந்து, அதனை உலகினர் அனைவர்க்கும் விலையின்றி வழங்கும் தன்னார்வத் தொண்டு பற்றியும், அப்பதிவைக் கேட்டுப் பிழை களையும் தொண்டு பற்றியும் சில கூற விரும்புகிறோம். இதில் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அதைக் கற்க நமக்கு நெடுங்காலம் ஆயிற்று. அதனாலேயே இங்கு கூறத் துணிந்தோம்.

கல்விக்கு ஓர் அதிகாரமும் கல்லாமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்த வள்ளுவர், அவற்றை அடுத்துக் கேள்விக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். எழுத்தறியாதாரும் கேட்டறிய வழி வேண்டும் என்பது அவ்வைப்பு முறையால் விளங்கும். நம் இளமைக் காலத்தில் நம் தெருவில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் மிகச் சிலரே. அவருள் ஒருவர் மாலைதோறும் விளக்குக் கம்பத்தடியில் அமர்ந்து நாளேட்டை உரக்கப் படிப்பார். வேலை முடித்து வந்தவர்கள் துண்டை விரித்து அமர்ந்து கேட்பார்கள். அவர் படிப்பில் தடுமாற்றமும் இருந்தது, இழுப்பும் இருந்தது. அதற்காக எழுந்து போனவர் எவரும் இலர். ஒருவர் கண் கொண்டு ஒரு தெருவே படித்த காலம் அது.

இவ்வழக்கத்திற்குக் கருவியின் துணை கிடைத்தது 1877-ஆம் ஆண்டில். அமெரிக்காவில் எடிசன் ஒலியைப் பதியும் கருவியை அமைத்தார். அடுத்த ஆண்டிலேயே அதன் பயன்களை அவர் எழுதியபோது, பார்வையற்றோருக்கான பேசும் நூல்களையும் அவற்றுள் ஒன்றாகக் குறித்தார். எனினும் முழு நூலை இசைத்தட்டில் அடக்கப் பல்லாண்டுகள் ஆயின. 1935-இல் பிரிட்டனில் பார்வையற்றோருக்காக முதன்முதல் வழங்கப்பட்ட பேசும் நூல்களுள் ஜோசப் கான்ராட் எழுதிய ‘டைஃபூன்’ என்பதும் ஒன்று. ஒரு தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 25 நிமிடமே அடங்கும். ஒரு கதையைக் கேட்டு முடிக்கப் பல தட்டுகளை மாற்ற வேண்டும். 1948-இல் நியூயார்க் நகரில், போரில் பார்வையிழந்த வீரர்கள் கல்லூரிக் கல்வி பெற விரும்பினார்கள். அவர்களுக்குப் பாடநூல்களைப் படித்துப் பதிந்து தர, ஆன் மக்டொனால்ட் என்னும் அம்மையார் நூலகத்தைச் சார்ந்த மகளிரைத் திரட்டி ஓர் அமைப்பைத் தொடங்கினார். ஊதியம் பெறாத குரல்கள் உயர்கல்விக்கு வழி திறந்தன.

இனி நம் காலத்து முயற்சிக்கு வருவோம். 2005-ஆம் ஆண்டு கனடா நாட்டு மாண்ட்ரியல் நகரில் வாழ்ந்த ஹியூ மெக்வைர் என்பவர் ‘லிப்ரிவாக்ஸ்’ என்னும் தொண்டினைத் தொடங்கினார். இலத்தீன் மொழியில் நூல் என்றும் குரல் என்றும் பொருள்படும் இரு சொற்கள் சேர்ந்த பெயர் அது. பதிப்புரிமைக் காலம் கடந்து பொதுவுடைமையாகிவிட்ட நூல்களை, விருப்பமுள்ள எவரும் தம் இல்லத்திலிருந்தே படித்துப் பதியலாம். முதலில் எடுத்துக்கொண்ட நூல் கான்ராட் 1907-இல் வெளியிட்ட ‘தி சீக்ரெட் ஏஜென்ட்’ என்னும் நாவல். அதனை அதிகாரம் அதிகாரமாகப் பலர் பகிர்ந்துகொண்டு படித்தனர். இன்று அத்தொண்டர்கள் பதிந்து முடித்த நூல்கள் 20,000-க்கும் மேற்பட்டவை. படித்தவருக்கு ஊதியம் இல்லை. தம் பதிவின்மீது உரிமையும் அவர் வைத்துக்கொள்வதில்லை. நூலைப் போலவே குரலும் பொதுவுடைமை ஆகிவிடுகிறது.

இத்தொண்டில் சேரக் குரல் தேர்வு இல்லை என்பதை நீங்கள் கருத்தில் கொள்ள வேண்டும். ஒரு நிமிட அளவில் ஒரு முன்னோட்டப் பதிவு மட்டும் கேட்கிறார்கள். அதுவும் ஒலி போதிய அளவில் இருக்கிறதா, இரைச்சல் உண்டா என்று கருவியைச் சோதிப்பதற்கே. குரல் இனியதா என்று எவரும் பார்ப்பதில்லை. சிலர் முழு நூலையும் தனியே படிப்பர். சிலர் ஓர் அதிகாரம் ஏற்பர். நாடகம் போலப் பாத்திரத்திற்கு ஒருவராகப் படிப்பதும் உண்டு. ஒருங்கிணைப்பாளர் ஒருவர் யார் எதை ஏற்றார், எது முடிந்தது என்று கணக்கு வைத்துக்கொள்வார்.

படித்துப் பதிந்ததும் பணி முடிந்துவிடவில்லை. அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவர் இருப்பது போல, இங்கு மெய்ப்புக் கேட்பவர் இருக்கிறார். பதிவை முதலிலிருந்து முடிவு வரை அவர் பொறுமையுடன் கேட்கிறார். படித்தவர் ஒரு வரியை இருமுறை கூறிவிட்டாரா, ஒரு வரியை விட்டுவிட்டாரா, இடையே நீண்ட மௌனம் உண்டா, கதவு அறைந்த ஓசை விழுந்ததா, ஒலி திடீரெனத் தாழ்ந்ததா என்று குறிக்கிறார். எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது நொடி என்றும் எழுதுகிறார். படித்தவர் அந்த இடத்தை மட்டும் மீண்டும் படித்துச் சேர்த்துவிடுகிறார். சொல்லுக்குச் சொல் மூலத்தோடு ஒப்பிட வேண்டும் என்று முன்னரே முடிவு செய்த நூல்களுக்கு, நூலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பதும் உண்டு.

மெய்ப்புக் கேட்பவர் குறிக்கக் கூடாதவை சிலவும் உள. படிப்பவரின் பேச்சு வாடை, குரலின் தன்மை, படிக்கும் போக்கு ஆகியவற்றைக் குறை கூறுதல் அவர் பணியன்று. படித்தவர் தாமே விரும்பிக் கேட்டால் மட்டும் அவை பற்றிக் கருத்துரைக்கலாம். பிழை வேறு, மனிதர் வேறு என்னும் தெளிவு இந்த விதியில் இருக்கிறது. இவர்கள் முதலில் படித்த நூலின் ஆசிரியர் கான்ராடும் போலந்து நாட்டுப் பெற்றோருக்குப் பிறந்தவரே. போலிஷ், பிரெஞ்சு ஆகிய மொழிகளுக்குப் பின்னரே அவர் ஆங்கிலம் கற்றார். அம்மொழியின் சிறந்த நாவலாசிரியருள் ஒருவராக உயர்ந்த பின்னும், அவருடைய ஆங்கிலப் பேச்சில் போலந்து வாடை இறுதிவரை நீங்கவில்லை. வாடை கண்டு வாயை அடைக்கும் வழக்கம் சரியென்றால், கான்ராட் தம் நூலைத் தாமே படிக்கவும் தகுதியற்றவர் ஆகியிருப்பார்.

அன்பர்களே, இந்த விதியை அறிந்த நாளில் நம் நெஞ்சு சுட்டது. காரணத்தை மறைக்காமல் கூறுகிறோம்.

நாம் உதவி ஆசிரியராகப் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், பள்ளியின் காலைக் கூட்டத்தில் நம் தெருவைப் போன்றதொரு தெருவிலிருந்து வந்த எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒலிபெருக்கி முன் நின்று செய்தி படித்தான். முதல் நாள் அது. ‘மழை’ என்பதனை ‘மயை’ என்றான். ‘வாழை’ என்பதனை ‘வாயை’ என்றான். நாம் அங்கேயே, அத்தனை பேர் முன்னிலையில், அவனை நிறுத்தித் திருத்தினோம். மும்முறை சொல்லச் சொன்னோம். அவனுக்கு வரவில்லை. கூட்டம் சிரித்தது. நாமும் சற்றே சிரித்தோம். மறுநாள் முதல் அவன் ஒலிபெருக்கியின் பக்கம் வரவில்லை. வகுப்பிலும் வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் எழுந்து தலை குனிந்து நிற்பான். ஆண்டு முடிந்ததும் வேறு ஊருக்குச் சென்றுவிட்டான்.

நம்மைப் பெற்ற தாயார் ‘மழை’யை எவ்வாறு சொன்னார்? அச்சிறுவன் சொன்னவாறே சொன்னார். அந்த ஒலியைக் கேட்டே நாம் வளர்ந்தோம். பட்டம் பெற்று, ஆசிரியர் என்னும் இருக்கையில் அமர்ந்ததும், நம் தாயாரின் நாவையே நாம் மேடையேற்றி நகைத்திருக்கிறோம். நம்மை முன்னர் நகைத்தவர்களிடமிருந்து நாம் கற்றுக்கொண்ட பாடத்தை நம் பிள்ளையிடமே காட்டினோம். பெரியோர்களே, வாசல் திறந்த பின்னும் உள்ளே நுழைந்தவன் வாய் திறக்க அஞ்சினால், திறந்த வாசலால் என்ன பயன்?

‘அப்படியானால் ழகரத்தைக் கற்பிக்க வேண்டாமா?’ என்று தமிழாசிரியர்கள் வினவலாம். கட்டாயம் கற்பிக்க வேண்டும். எழுத்தொலி மாறினால் பொருள் மாறும் இடங்கள் தமிழில் பல. ஆயினும் கற்பிக்கும் இடம் வகுப்பறை. அதற்கு உரிய முறை பொறுமை. ஒருவன் துணிந்து பேச வந்த மேடை அதற்கு உரிய இடமன்று. மெய்ப்புக் கேட்பவர் பிழையைத் தனியே எழுதி அனுப்புகிறார். எவ்விடத்தில் என்று சுட்டுகிறார். திருத்த வாய்ப்பும் தருகிறார். நாமோ இடத்தைச் சுட்டாமல் ஆளைச் சுட்டினோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் ஒரு சிறு முயற்சி செய்தோம். ஒன்பதாம் வகுப்பில் பிறவியிலேயே பார்வையற்ற மாணவி ஒருத்தி படித்தாள். பாடங்களைப் பிரெயில் எழுத்தில் படிக்க வல்லவள். ஆனால் அவள் விரல் தொடத்தக்க நாவல் ஒன்றும் எங்கள் நூலகத்தில் இல்லை. ஆசிரியர் மூவரும் மாணவர் சிலரும் சேர்ந்து, மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1879-இல் வெளியிட்ட ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தைப் படித்துப் பதியத் தொடங்கினோம். தமிழின் முதல் நாவல் எனப் போற்றப்படும் அந்நூல் எவர் அனுமதியும் வேண்டாத பொதுவுடைமை. உயர்ந்த கருவி எதுவும் எங்களிடம் இல்லை. ஒரு கைப்பேசியை மடித்த துண்டின்மீது வைத்தோம். நூலக அறையில் எதிரொலி அடங்கச் சுவரில் சமுக்காளங்களைத் தொங்கவிட்டோம். மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்வையில் நனைந்தபடி படித்தோம். ஊரில் திருமணம் இருந்தால் ஒலிபெருக்கி ஓய விடியற்காலை வரை காத்திருந்தோம்.

பதிவுகளைக் கேட்டுப் பிழை குறிக்கும் பொறுப்பை அம்மாணவியிடமே ஒப்படைத்தோம். அவளைப் போல் கேட்டவர் எங்களுள் எவரும் இலர். ஒருநாள் நாம் படித்த பகுதியை நிறுத்தி, “ஐயா, இந்த இடத்தில் கதை ஒரு பள்ளம் தாண்டுகிறது” என்றாள். நூலை எடுத்துப் பார்த்தோம். இரண்டு தாள்களை ஒன்றாகப் புரட்டியிருந்தோம். தலைமையாசிரியர் மீண்டும் படித்தார். மாணவி மீண்டும் கேட்டாள்.

மற்றொரு நாள், பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் படித்த பகுதி வந்தது. அவன் நாவிலும் ‘மழை’ ‘மயை’ ஆயிற்று. நம் பழைய வழக்கம் தலைதூக்கியது. “இதனைத் திருப்பிப் படிக்கச் சொல்லலாமா?” என்று அவளைக் கேட்டோம். “சொல் விளங்குகிறது ஐயா. எங்கள் அம்மா கதை சொல்வது போல இருக்கிறது. அப்படியே இருக்கட்டும்” என்றாள். நாம் ஒன்றும் பேசவில்லை. அப்பகுதி அப்படியே இருக்கிறது.

இச்சங்கத்தின் முன் நாம் வைக்கும் வேண்டுகோள் இதுவே. படிப்பகத்தின் பின்புற அறையை இத்தொண்டிற்கு ஒதுக்கித் தாருங்கள். நூலுக்குப் பஞ்சமில்லை. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத் தொண்டர்கள் பழந்தமிழ் நூல்கள் பலவற்றைத் தட்டெழுதி, மெய்ப்புப் பார்த்து, பொதுவில் வைத்திருக்கின்றனர். சட்டத்தையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். நம் நாட்டுச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்த ஆண்டிற்குப் பின் 60 ஆண்டுகள் கழிந்தால் அவர் வாழ்நாளில் வெளியிட்ட நூல் பொதுவுடைமையாகும். லிப்ரிவாக்ஸ் தொண்டர்கள் அமெரிக்கச் சட்டத்தைப் பின்பற்றுவதால், வெளிவந்து 95 ஆண்டுகள் நிறைந்த நூல்களையே பெரும்பாலும் ஏற்கின்றனர். பார்வைக் குறைபாடு உடையோரின் பயனுக்கென்றே பதிவதாயின், 2012-இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் உரிமையுள்ள நூல்களுக்கும் வழி தருகிறது. இதன் பொருட்டு 2013-இல் மராக்கேஷ் நகரில் உருவான உலக உடன்படிக்கைக்கு, 2014-இல் முதன்முதல் ஒப்புதல் அளித்த நாடும் இந்தியாவே.

அவ்வறையில் படிப்பவர் பட்டதாரியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வயல் வேலைக்குச் சென்று திரும்பும் தாய்மார்கள் இரவுப் பள்ளியில் கற்ற எழுத்தைக் கொண்டு ஒரு பக்கம் படிக்கட்டும். படிக்க இயலாத முதியோர் கேட்டு, கதை எங்கே பள்ளம் தாண்டுகிறது என்று சொல்லட்டும். வாரம் ஒரு மணி நேரம் போதும். ஓராண்டில் ஒரு பெரிய நூல் முடியும்.

முன்னர் கூறிய மாணவன் இன்று நடுத்தர வயதினனாக எங்கோ வாழ்ந்துகொண்டிருப்பான். இம்மலர் அவன் கைக்கு எட்டுமோ, எட்டாதோ, அறியோம். எட்டினால் அவன் இச்செய்தியை அறிய வேண்டும். எங்கள் பள்ளியில் அடுத்து எடுக்கும் நூலில் ஓர் அதிகாரத்தை எவருக்கும் தராமல் வைத்திருக்கிறோம். அது அவன் படிக்க வேண்டியது. அவன் வந்து அவன் நாவுக்கு வந்தவாறு படிக்கட்டும். நாம் எதிரே அமர்ந்து, இடைமறிக்காமல், இறுதிவரை கேட்போம்.